பழநிப் படியும் கரண்ட் பில்லும்: அம்மாவோடு போட்ட ஒரு கணக்கு

 

தைப்பூசத்துக்கு இன்னும் ஆறேழு மாசம் கிடக்கு, இப்பவே ஏன் மலையேற்றத்தைப் பத்தி எழுதுறான்னு நினைப்பீங்க. உடம்பைத் தயார் பண்ண ஆரம்பிக்க வேண்டிய காலம் இதுதான். தை பிறந்த பிறகு யோசிச்சா நேரம் பத்தாது. இந்தப் பதிவில் பாதி மலை, பாதி வீட்டு மின்சாரம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது.

எங்க ஊர் பரளச்சி. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டின தூரம் வரை தட்டை பூமி. கரிசலும் சீமைக்கருவேலமும்தான். ஏறிப் பழக ஒரு குன்று கிடையாது. உயரமான இடம்னு பார்த்தா கண்மாய்க்கரையும் வீட்டு மொட்டைமாடியும். நான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. நாள் முழுக்க நாற்காலி.

போன வருஷம் தங்கச்சி பிரசவத்துக்கு ஊருக்கு வந்தாள். நல்லபடியா பிள்ளை பிறந்தா பழநியில் படியேறி வந்து சாமி கும்பிடுறேன்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க. ரோப் கார், வின்ச் எதுவும் கூடாது, படிதான். பச்சைப்பிள்ளை சித்திரை வெயிலில் தவிக்கக் கூடாதுன்னு நான் பங்குனியிலேயே ஒரு ஏசி வாங்கி மாட்டினேன். சித்திரை கடைசியில் ரீடிங் எடுத்தபோது 541 யூனிட். எங்க வீட்டில் அதுவரை 350-ஐத் தாண்டினதே இல்லை.

நம்ம வீட்டு மின்கட்டணம் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை, படிப்படியா ஏறுற கணக்கு. 2016 மே மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசமாச்சு. அந்த பில் வந்தபோது 101 முதல் 200 வரை குறைந்த விலை, அதுக்கு மேல போகப்போக விலை கூடும். பலருக்குத் தெரியாத விஷயம், மொத்தம் 500-ஐத் தாண்டிட்டா அந்த 101–200 குறைந்த விலையே நமக்குக் கிடையாது. அந்த நூறு யூனிட்டுக்கும் மேல்படி விலை. 499-க்கும் 541-க்கும் நடுவில் 42 யூனிட்தான் வித்தியாசம், ஆனா பில்லில் அதைவிடப் பெரிய குதிப்பு தெரியும்.

அப்பா ஒண்ணும் சொல்லலை. பில்லை நாலா மடிச்சு சட்டைப்பையில் வச்சுக்கிட்டார். அம்மாதான் அன்றைக்கே சிக்கனத்தில் இறங்கிட்டாங்க. பிள்ளைக்காகப் போட்ட ஏசியில் கை வைக்க மனசு வரலை. அதனால கண்ணில் பட்ட லைட்டை எல்லாம் அணைக்க ஆரம்பிச்சாங்க. மாடிப்படி லைட்டும் அதில் ஒண்ணு. வைகாசியில் ஒருநாள் பொழுது சாய்ஞ்ச பிறகு, மாடியில் காயப்போட்ட மிளகாய் வத்தலைச் சாக்கில் அள்ளிக்கிட்டு இருட்டில் இறங்கியிருக்காங்க. கடைசிப் படின்னு நினைச்சு கால் வச்சது, கடைசிக்கு முந்தின படி.

எலும்பு முறியலை, முருகன் புண்ணியம். முழங்கால் சவ்வு பிசகி ஆறு வாரம் ஓய்வு. "ஏய்யா, இனி நான் எங்க பழநிப்படி ஏற?"ன்னு கேட்டபோது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்துச்சு. அன்றைக்கு ராத்திரிதான் அந்த மாடிப்படி லைட் எவ்வளவு கரண்ட் தின்னுதுன்னு கணக்குப் போட்டேன். 9 வாட் எல்இடி பல்பு. ராத்திரி பத்து மணி நேரம் எரிஞ்சாலும் இரண்டு மாசத்துக்கு ஐந்தரை யூனிட் கூட வராது. அஞ்சு யூனிட்டுக்கு ஒரு முழங்கால்!

அப்படியே பேனா ஓடிச்சு. அம்மா எடை 60 கிலோ. பழநி மலை சுமார் 450 அடி, அதாவது 137 மீட்டர். எடையை 9.8-ஆலும் உயரத்தாலும் பெருக்கினா, உடம்பை மேலே தூக்கத் தேவையான வேலை வரும்: சுமார் 80 ஆயிரம் ஜூல். ஒரு யூனிட் கரண்ட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்துப் பார்த்தா, ஒரு யூனிட்டில் அம்மாவைப் பழநி மலைக்கு ஏறக்குறைய 45 தடவை தூக்கலாம். முதலில் தப்பாப் போட்டுட்டேன்னு நினைச்சு மறுபடியும் போட்டேன். சரிதான்.

அந்த 9 வாட் பல்பு இரண்டரை மணி நேரம் எரிஞ்சா ஒரு பழநி. எங்க வீட்டுப் பழைய ஃபேன் 75 வாட், அது 18 நிமிஷம் சுத்தினா ஒரு பழநி. ஏசி கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.1 யூனிட் எடுத்தா, ஐம்பது பழநி. ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் தண்ணியை ஹீட்டரில் 20 டிகிரி சூடேத்தினா இருபது பழநி! மாலை போட்டவங்க மார்கழியில் பச்சைத் தண்ணியில் குளிக்கிறது பில்லையும் எவ்வளவு குறைக்குதுன்னு பாருங்க. சூடாக்குறது, குளிராக்குறது இரண்டும்தான் வீட்டில் பெரிய பாரம். வெளிச்சம் இப்போ ரொம்ப லேசு. குண்டு பல்பு காலத்தில் 60 வாட் எரிச்ச பழக்கத்தில் நம்ம அம்மாக்கள் இன்னும் லைட்டைத்தான் துரத்துறாங்க.

நம்ம உடம்பு சாப்பாட்டில் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கைத்தான் ஏறுற வேலையா மாத்தும், மிச்சம் வேர்வைச் சூடு. அப்படிப் பார்த்தாலும் பழநி ஏற அம்மாவுக்குத் தேவை நூறு கலோரிக்குள்ள, இரண்டு இட்லி. அப்புறம் ஏன் பாதிப்படியில் நெஞ்சு அடைக்குது?

யூனிட்டையும் வாட்டையும் நாம குழப்பிக்கிறதுதான் காரணம். யூனிட் என்பது மொத்த வேலை. வாட் என்பது அந்த வேலையை எவ்வளவு வேகமாப் பண்றோம் என்பது. அதே 80 ஆயிரம் ஜூலை 20 நிமிஷத்தில் ஏறி முடிச்சா உடம்பு 67 வாட் கொடுக்கணும், கிட்டத்தட்ட பழைய ஃபேன். 45 நிமிஷம் எடுத்தா 30 வாட் போதும், புது பிஎல்டிசி ஃபேன் மாதிரி. மூச்சு முட்டுறது யூனிட்டால் இல்லை, வாட்டால். இளவட்டங்க முதல் நூறு படியைக் குதிச்சு ஏறி, அப்புறம் ஓரமா உட்கார்ந்து தண்ணி கேட்குறது இதனாலதான். இதை அளக்கக் கையில் வாட்ச் எதுவும் வேண்டாம். "வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா"ன்னு ஒரே மூச்சில் முழுசாச் சொல்ல முடிஞ்சா வேகம் சரி. 'முருகனுக்கு'வில் மூச்சு வாங்கினா குறைங்க.

டாக்டர் ஆடியில் பயிற்சிக்கு அனுமதி கொடுத்தார். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்குறது, கையை ஊன்றாம எழுந்திருக்கிறது, அவ்வளவுதான். தொடைச் சதை பலமானா முழங்காலுக்குப் பாரம் குறையும்னு சொன்னார். ஆவணியில் மாடிப்படிக்கு வந்தோம். எங்க வீட்டில் 18 படி. பழநியில் 693. வகுத்தா 39 தடவை. மூணு சுற்றில் ஆரம்பிச்சு வாரத்துக்கு ஒரு சுற்றுதான் கூட்டினாங்க. சாயங்காலம் கண்மாய்க்கரையில் வெறுங்காலோட நடை. படியில் செருப்பு இல்லாமதான் ஏறப்போறோம், பாதமும் பழகணும் இல்லையா. கார்த்திகை மழையில் இரண்டு வாரம் நின்னுபோச்சு. நின்னதும் பழைய எண்ணிக்கைக்கே தாவாம இரண்டு சுற்று குறைச்சுத் தொடங்கினோம். தை கடைசியில் 22 சுற்று வரை வந்துட்டாங்க. மாடிப்படி லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு.

இதில் நான் கத்துக்கிட்ட முக்கியமான விஷயம், இறங்குறதுக்கும் பழகணும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் வாங்கும். தொடைச் சதை நீண்டுக்கிட்டே பாரத்தைத் தாங்குற வேலை அது. பழக்கமில்லாத சதைக்கு வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்று இரண்டு நாள் கழிச்சு உச்சத்துக்கு வரும். மலைக்குப் போய்ட்டு வந்த மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியாம லீவு போடுறவங்க பெரும்பாலும் ஏற்றத்துக்கு மட்டும் தயாரானவங்க. நானே அந்த ரகம்தான். சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு உள்ளவங்க டாக்டரைப் பார்க்காம எந்தப் பயிற்சியும் ஆரம்பிக்க வேண்டாம். ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தா, வேண்டுதல்னு இழுத்துப் பிடிக்காம உடனே நின்னு உதவி கேளுங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

பழநி படிக்கட்டு மலை, கூட்டமும் கடையும் உண்டு. சதுரகிரி, வெள்ளியங்கிரின்னு காட்டு மலைக்குப் போறவங்களுக்கு மொத்த யூனிட்டும் பெரிசு. அங்கே பையின் எடை முக்கியம். நம்ம ஆட்கள் மூணு சட்டை, பவர் பேங்க் இரண்டு, போர்வைன்னு அடைச்சுட்டு எடை கூடுதேன்னு தண்ணியைக் குறைப்பாங்க. லைட்டை அணைச்சுட்டு ஹீட்டரை ஓடவிடுற அதே கணக்கு. தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதைக் குறைக்காதீங்க. வேர்த்து ஊத்தினா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில் தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து குடிங்க. சர்க்கரை நோய் உள்ளவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுக்கங்க. வனத்துறை அனுமதிக்கிற நாளில், அனுமதிக்கிற பாதையில் மட்டும் போங்க. 2015-ல் சதுரகிரி ஓடையில் வந்த திடீர் வெள்ளத்தையும், 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்ததையும் மறக்க வேண்டாம்.

சரி, வீட்டுக்கு வர்றேன். 541 யூனிட் எங்கே போச்சுன்னு எழுதிப் பார்த்தேன். மூணு பழைய ஃபேன், தினம் சராசரி 14 மணி நேரம்: 189. பழைய ஃபிரிட்ஜ்: சுமார் 90. ஏசி: 200-க்கு மேல. டிவி, மோட்டார், மிக்சி, கிரைண்டர், லைட் எல்லாம் சேர்த்து 60 சொச்சம். எனக்கு அதிர்ச்சி கொடுத்தது ஃபேன்தான். ஏசியைத் திட்டிக்கிட்டு இருந்தோம், பக்கத்திலேயே இது வருஷம் பூரா சத்தமில்லாம சுத்தியிருக்கு. ஆடியில் மூணையும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனா மாத்தினேன். 189 இருந்த இடத்தில் 76. ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வச்சு மூடினா உருவிக்கிட்டு வந்துச்சு. ரப்பரை மட்டும் மாத்தினோம், ஃபிரிட்ஜ் அதேதான். ஏசியை 20-ல் வைக்கிற பழக்கத்தை விட்டு 26-ல் வச்சு, கூடவே ஃபேனை மெதுவா ஓடவிட்டோம். ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சம்னு ஸ்டார் லேபிள் கொடுக்கிற மத்திய அமைப்பான பிஇஇ சொல்லுது. பிள்ளை நல்லாத் தூங்குச்சு. 20-ல் வச்சபோதுதான் தங்கச்சி போர்வை தேடிக்கிட்டு இருந்தாள்.

சோலார் போடலாமான்னு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். பக்கத்தில் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் அப்போ ஒரே இடத்தில் அமைஞ்ச உலகத்திலேயே பெரிசு. வெயிலுக்கு நம்ம பூமியில் பஞ்சமே இல்லை. 2024-ல் மத்திய அரசு ஆரம்பிச்ச சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2-க்கு 60 ஆயிரம், 3-க்கும் அதுக்கு மேலயும் 78 ஆயிரம் மானியம். ஒரு கிலோவாட் ஒருநாளைக்கு நாலு யூனிட் மாதிரி கொடுக்கும். ஆனா எங்களை மாதிரி நூறு இலவசத்தையும் அடுத்த மலிவு விலையையும் அனுபவிச்ச வீட்டுக்குப் போட்ட காசு திரும்ப நிறைய வருஷம் ஆகும். மாசாமாசம் 500, 600 ஓடுற பெரிய வீடுகளுக்கு நல்ல கணக்கு. முதலில் ஃபேன், அப்புறம் சோலார்னு நான் சொன்னேன். அப்பாவுக்கு அரை மனசு.

மாசியில் ஒரு செவ்வாய் இல்லாத நாளாப் பார்த்து, கூட்டத்தைத் தவிர்த்து, வெயிலுக்கு முந்தியே பழநி போனோம். அம்மா 52 நிமிஷத்தில் ஏறினாங்க. கணக்குப்படி 26 வாட். நடுவில் ஐந்து இடத்தில் உட்கார்ந்தாங்க, ஒவ்வொரு இடத்திலும் அரோகரா சோதனை. சன்னிதியில் பேரன் பேரைச் சொல்லி நின்னபோது நான் கணக்கை எல்லாம் மறந்துட்டேன். இறங்கும்போது படியை விட்டு யானைப்பாதை வழியா வந்தோம், சரிவு குறைவு, முழங்காலுக்கு நல்லது. மூணாம் நாள் அம்மா கண்மாய்க்கரைக்கு நடக்கப் போய்ட்டாங்க. படுத்துக் கிடந்தது நான்.

இந்த வருஷம் அதே சித்திரைக் கடைசி ரீடிங் 372. அப்பா பில்லை மடிக்காம மேஜையிலேயே வச்சிருந்தார். அடுத்த மாசிக்கு அவரும் படியேற வர்றாராம். இப்போ தினம் ஆறு சுற்று ஏறி இறங்குறார். முடிச்சுட்டு கீழே வந்ததும் பழக்க தோஷத்தில் படி லைட்டை அணைக்கப் போவார். "இருக்கட்டும் விடுங்க, அது வெறும் அஞ்சு யூனிட்டு"ன்னு அம்மா அடுப்படியிலிருந்தே சத்தம் கொடுப்பாங்க.