நம் கோயிலின் அருஞ்செல்வங்கள்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

முன்னுரை

கோயிலின் செல்வம் எது என்று யாராவது கேட்டால், பொன்முலாம் பூசிய பாத்திரங்களையும் வெள்ளி விளக்குகளையும் பட்டுத் திருவுடைகளையும் நாம் உடனே சொல்லிவிடுவோம். அவற்றை வைத்துப் பூட்டும் அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுகூட நமக்குத் தெரியும். ஆனால் அவை எதற்காகச் செய்யப்பட்டன, நமக்கு என்ன கற்பிக்கின்றன என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பொருள் தெரியாத பொருளை யாரும் நன்றாகக் காப்பதில்லை. ஆகவே கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தை முன்னிறுத்தி, கோயிலிலுள்ள புனிதப் பொருட்களைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

கோட்டாறு பேராலயம்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ஆம் ஆண்டு இந்தியா வந்தார். 1544-ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் நடந்தே சென்று, ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கும் மேல் திருமுழுக்கு அளித்ததாக அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். வடுகர் படையெடுப்பின்போது அவர் மக்களைக் காத்தார் என்றும், அதற்கு நன்றியாக மன்னர் கோட்டாற்றில் கோயில் கட்ட நிலம் வழங்கினார் என்றும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். முதலில் அங்கே தேவமாதாவின் பெயரால் சிறிய கோயில் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயேசு சபைக் குருக்கள் பெரிய கோயிலை எழுப்பினர். 1865-இல் அது விரிவாக்கப்பட்டது. 1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் உருவானபோது பேராலயமாக உயர்ந்தது.

உருவங்கள் எதற்கு?

கோயிலில் சுரூபங்களும் படங்களும் ஏன் என்று பிற சமயத் தோழியர் நம்மைக் கேட்பதுண்டு. ஏறக்குறைய கி.பி. 600-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலுள்ள மார்சேய் நகர ஆயர், கோயில் படங்களை உடைத்துப் போட்டார். அப்போது திருத்தந்தை பெரிய கிரகோரியார் அவருக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார். படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஏடு எப்படியோ, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் அப்படியே என்பது அவர் தந்த விளக்கம். பின்னர் 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அந்த உருவம் யாரைக் காட்டுகிறதோ அவரையே சேர்கிறது என்று தெளிவுபடுத்தியது.

இதன் உண்மையை என் பாட்டியிடம் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் சிலுவைப்பாதையின் பதினான்கு தலங்களையும் படத்தைப் பார்த்தே வரிசை தவறாமல் சொல்வார்கள். ஆண்டவர் எத்தனை முறை விழுந்தார், வழியில் யார் யார் ஆறுதல் தந்தார்கள் என்பதையெல்லாம் எனக்கு முதலில் கற்றுத் தந்தவர்கள் அவர்களே. அந்தச் சுவர்தான் அவர்களுடைய பாடநூல்.

சுரூபங்களை வாசிப்போம்

எழுத்துகளுக்கு ஒலி இருப்பதுபோல் சுரூபங்களுக்கு அடையாளங்கள் உண்டு. கையில் குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருந்தால் அவர் பதுவைப் புனித அந்தோணியார். காலடியில் பன்றி இருந்தால் அவர் வனத்து அந்தோணியார். உடலில் அம்புகள் தைத்திருந்தால் செபஸ்தியார். தட்டில் இரு கண்களை ஏந்தியிருப்பவர் லூசியம்மாள். தராசும் வாளும் பிடித்திருப்பவர் மிக்கேல் அதிதூதர். சிலுவையை உயர்த்திப் பிடித்து நிற்பவர் சவேரியார். ஒவ்வொரு அடையாளமும் அவருடைய வாழ்வையோ சாவையோ அலுவலையோ சுருக்கிச் சொல்கிறது.

சிலவேளைகளில் கட்டடமே பேசும். கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா கோயிலின் நீளம் 153 அடி, நடுக்கோபுரத்தின் உயரம் 153 அடி, அகலம் 53 அடி. பழைய முறைப்படி முழுச் செபமாலையில் 153 அருள்நிறை மந்திரங்கள். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையில் 53. அந்தக் கோயிலைக் கல்லால் கட்டிய செபமாலை என்றே கூறலாம்.

பூசைப் பாத்திரங்கள்

திருப்பலிக்குரிய கிண்ணத்தின் உட்புறம் பொன்முலாம் பூசப்பட்டிருப்பதைப் பார்த்திருப்போம். அது ஆடம்பரத்துக்காக அன்று. துருப்பிடிக்கும் உலோகத்தில் செய்த பாத்திரமானால் உட்புறம் பொன்முலாம் இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆண்டவரின் திரு இரத்தத்தைத் தாங்கும் இடத்தில் களிம்பு ஏறலாகாது அல்லவா? நற்கருணை ஆசீரின்போது எழுந்தேற்றம் செய்யப்படும் கதிர்ப்பாத்திரம் சூரியனைப்போல் கதிர்கள் விரித்திருக்கும். ஆனால் அதன் நடுவே இருப்பது வெண்மையான சிறு அப்பம். சுற்றியிருக்கும் பொன்னெல்லாம் நம் கண்களை அந்த நடுவிடத்துக்குக் கொண்டு செல்லவே செய்யப்பட்டது.

தேர்

நம் ஊர்க் கலையின் பெருமை தேரில் விளங்குகிறது. கோட்டாற்றுத் திருவிழா பத்து நாட்கள் நடைபெற்று, சவேரியார் இறந்த நாளாகிய டிசம்பர் 3-ஆம் தேதி நிறைவுறுகிறது. தச்சரும் பூக்கட்டுபவரும் விளக்கு அலங்காரம் செய்பவரும் சேர்ந்து உழைத்தால்தான் தேர் வீதிக்கு வரும். தேரின் பின்னால் மக்கள் கும்பிடு நமஸ்காரம் செய்து நேர்ச்சை செலுத்துவர். அவர்களுள் பிற சமயத்தாரும் உண்டு. கொடியேற்றமும் தேரும் இந்த மண்ணின் வழக்கங்கள். திருச்சபை எந்த ஒரு நாட்டின் கலைப்பாணியையும் தனக்கு மட்டும் உரியதாகக் கொள்ளவில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் அறிவித்தது. நம் முன்னோர் அதற்கு வெகு காலம் முன்பே அவ்வாறு நடந்து காட்டினார்கள்.

பொன்னினும் மேலான செல்வம்

இவற்றையெல்லாம்விட மேலான செல்வம் ஒன்று கோட்டாற்றில் உண்டு. அது புனித தேவசகாயத்தின் கல்லறை.

1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா மன்னரின் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன்பின் அவரைச் சிறைப்படுத்தி, எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின் மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டில் எறியப்பட்ட உடலின் எஞ்சிய எலும்புகளை மக்கள் பொறுக்கியெடுத்து வந்து, கோட்டாறு கோயிலில் பீடத்துக்கு முன் அடக்கம் செய்தனர்.

தோழியரே, அந்த எலும்புகளுக்குக் கடையில் என்ன விலை? ஒன்றுமில்லை. ஆயினும் அவற்றைத் தேடி எடுத்தவர்கள் அரச தண்டனைக்கும் அஞ்சாத ஏழை மக்கள். அவர்கள் அன்று எடுத்து வைத்ததால்தான் நமக்கு இன்று ஒரு கல்லறை இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே. அன்று எருக்கம்பூ மாலை ஏற்றவருக்கு இன்று நாம் மல்லிகையும் ரோசாவும் சாத்துகிறோம். விலங்கிட்ட கைகளைக் குவித்து முழந்தாளிட்டிருக்கும் அவருடைய சுரூபத்தைக் காணும்போது, அந்தச் சங்கிலிகளும் அவருக்கு அணிகலனாகவே தோன்றுகின்றன.

காப்பது நம் கடமை

செல்வத்தைப் பெற்றவர்களுக்குக் காக்கும் பொறுப்பும் உண்டு. திருடனுக்கு அஞ்சிப் பூட்டி வைக்கிறோம், அது சரிதான். ஆனால் அறியாமையால் வரும் சேதத்துக்குப் பூட்டு இல்லை. வீட்டுப் பித்தளையைப் போல் பொன்முலாம் பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினால் மெல்லிய முலாம் போய்விடும். மெத்தென்ற துணியால் துடைப்பதே நலம். சரிகைத் திருவுடையை ஒரே மடிப்பில் பல ஆண்டு வைத்தால் மடிப்பில் இழை அறும். திருவிழாவுக்குப் பளபளக்க வேண்டும் என்று பழைய மரச் சுரூபத்தின் மேல் எனாமல் பெயிண்ட் பூசினால், பழைய சிற்பி தீட்டிய முகம் அதன் அடியில் மறைந்துவிடும். பிறகு அதை மீட்பது மிகவும் கடினம்.

இதற்குத் திருச்சபைச் சட்டமே வழிகாட்டுகிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, பழமையாலோ கலையாலோ பக்தியாலோ சிறந்த உருவங்களை ஆயரின் எழுத்து மூலமான அனுமதியின்றிப் புதுப்பிக்கலாகாது. அனுமதி தருமுன் ஆயர் வல்லுநரைக் கலந்துகொள்ள வேண்டும். கோயிற்பொருட்களுக்குப் பட்டியல் எழுதி, ஒரு படியைக் கோயிலிலும் மற்றொன்றை ஆயர் இல்லத்திலும் வைக்க வேண்டும் என்பதும் சட்டம்.

மாணவிகளாகிய நாமும் இதில் உதவலாம். விடுமுறையில் பங்குத்தந்தையின் அனுமதி பெற்று, கோயிற்பிள்ளையையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டு, நம் கோயிலிலுள்ள ஒவ்வொரு சுரூபத்துக்கும் அது எதனால் செய்யப்பட்டது, எந்தத் திருவிழாவில் எடுக்கப்படுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். பெரியவர்கள் மறைந்தால் அவர்கள் அறிந்தவையும் அவர்களோடு போய்விடும். இது இப்போதே செய்ய வேண்டிய வேலை.

முடிவுரை

கண்ணுக்குத் தெரியும் பொருளின் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத இறைவனை நோக்கி நம்மை அழைத்துச் செல்வதே கோயிற்கலையின் பயன். பொன் பாத்திரமும் மரச் சுரூபமும் பூந்தேரும் அந்த வேலையைச் செய்யும் வரை செல்வங்களே. அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் போகும்போது, பூசை முடிந்ததும் ஐந்து நிமிடம் அதிகமாக நின்று நம் கோயிலை நன்றாகப் பாருங்கள். வீட்டிலுள்ள தம்பி தங்கைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.