பேனாக்கத்தி

(உரைநடைப் பாடம்)

மாணவர்களே! சட்டைப்பையில் அடங்கும் சிறிய மடக்குக்கத்தியைத் தமிழிலும் மலையாளத்திலும் பேனாக்கத்தி என்கிறோம். அந்தக் கத்தியில் பேனா இல்லை. பேனாவுக்கும் இன்று கத்தி தேவையில்லை. அப்படியிருக்க, அப்பெயர் எவ்வாறு வந்தது? ஒரு விரல் நீளமே உள்ள அதைக்கொண்டு ஒருவர் ஒரு நாளின் வேலைகளை எப்படிச் செய்துமுடிக்கிறார்? அவ்வேலைகளைச் சொல்ல நம்மிடம் என்னென்ன சொற்கள் உள்ளன? இப்பாடம் அவற்றைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய பென்சில் பெட்டியில் பேனாக்கத்தி ஒன்று அகப்பட்டது. மரப்பிடி, பிடியின் இரு முனைகளிலும் பித்தளைப் பூண். மடக்கினால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். "கத்தியா கொண்டுவந்தாய்?" என்று முதலில் உரக்கக் கேட்டவள் நானே. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. எதற்காகக் கொண்டுவந்தாய் என்றதற்கு, "பென்சில் கட் பண்ண" என்றான். வேறு எதற்கு? "நூல் கட் பண்ண. மாங்காய் கட் பண்ண." அதற்குமேல் அவனுக்குச் சொல் வரவில்லை, எனக்குக் கேட்கும் பொறுமையும் இல்லை. அன்று மாலைக்குள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் ஏற்பட்டுவிட்டது. அதை நான் இங்கு எழுதப்போவதில்லை. அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அவனுடைய தாத்தா வந்தார். இரணியல் பக்கத்திலிருந்து இளவயதிலேயே திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை ஒன்றில் கணக்கெழுதி ஓய்ந்தவர். வேட்டியின்மேல் பைகள் வைத்த அகன்ற பச்சைப் பெல்ட் கட்டியிருந்தார். நான் நாற்காலியைக் காட்டியும் அவர் அமரவில்லை.

"டீச்சர், பிள்ளை இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தது தப்புதான். அதுக்கு நீங்க என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க. ஆனா, யாரைக் குத்தக் கொண்டுவந்தாய்னு கேட்கிறாங்களாம். அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்."

கத்தியை அவரிடம் கொடுத்தேன். நகத்தால் அலகைத் திறந்து, தம் சுட்டுவிரலோடு சேர்த்துவைத்துக் காட்டினார். விரலைவிட அது சற்றுக் குட்டையாகவே இருந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் ஐயா என்று கேட்டேன். அவர் சொன்ன விடைதான் இப்பாடத்தின் அடுத்த பகுதி.

காலையில் வேப்பங்குச்சியின் நுனியைச் சீவுவார். கடை திறந்ததும் சாக்கின் வாயைத் தைத்திருக்கும் சணல் நூலை அறுப்பார். சரக்குக் கட்டி வந்த கயிற்றில் முடிச்சு இறுகியிருந்தால், கயிற்றை வீணாக்காமல் முடிச்சுக்குள் முனையைக் கொடுத்து நெகிழ்த்துவார். கணக்கெழுதும் பென்சிலைக் கூராக்குவார். தாளில் தவறாக விழுந்த மையை அலகின் நுனியால் மெல்லச் சுரண்டுவார். நண்பகலில் வாழையிலையின் கிழிந்த ஓரத்தை நறுக்குவார். மாங்காய் கிடைத்தால் கீறி உப்பு வைப்பார். மரச்சீனிக் கிழங்கின் தோலில் ஒரு கீறல் போட்டு உரிப்பார். மாலையில் வெற்றிலையின் காம்பைக் கிள்ளக் கத்தி வேண்டியதில்லை, நகமே போதும் என்றார். பேரனுக்கு முருங்கைக் கட்டையில் ஒரு பம்பரம் செதுக்க முயன்று, அது சுற்றாமல் போன கதையையும் சொன்னார்.

கவனித்தீர்களா? அவனுக்கு எல்லாம் 'கட் பண்ண'. அவருக்கோ ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வினைச்சொல். மெல்லிய படலமாக நீக்கினால் சீவுதல். இழுத்துப் பிடித்த நூலையோ கயிற்றையோ துண்டித்தால் அறுத்தல். காய்களை ஒழுங்காகச் சிறுசிறு துண்டாக்கினால் அரிதல் அல்லது நறுக்குதல். நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தால் வகிர்தல். தலைமயிரைப் பிரிக்கும் கோட்டை 'வகிடு' என்பதும் இதனால்தான். மேற்பரப்பில் கோடு விழச் செய்தால் கீறுதல். மரத்தில் உருவம் வர வேண்டியவற்றை விட்டு வேண்டாதவற்றை எடுத்தால் செதுக்குதல். ஓங்கி அடித்துத் துண்டாக்கினால்தான் வெட்டுதல். பேனாக்கத்தியால் எதையும் வெட்ட முடியாது. அதற்கு ஓங்கும் எடை இல்லை.

நம் வகுப்புக் குழந்தைகள் பலர் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசுகிறவர்கள். பென்சிலைச் 'செத்துக' என்று மலையாளத்தில் கேட்டிருப்பீர்கள். அது வேற்றுச்சொல் என்று எண்ணி ஒதுக்க வேண்டா. 'செத்துதல்' என்பது செதுக்குதல் என்னும் பொருளில் தமிழ் அகராதியிலும் உள்ளது. கீறு, அரி, அறு, வெட்டு ஆகியவையும் இரு மொழிக்கும் உரியவையே. இவ்வூரில் வளர்வதால் உங்களுக்குச் சில தமிழ்ச் சொற்கள் மறந்துபோகலாம். சென்னையில் மறந்துபோன சில சொற்கள் உங்கள் காதில் நாள்தோறும் விழவும் செய்கின்றன.

இனிப் பெயருக்கு வருவோம். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் பறவையின் இறகால் எழுதினர். இறகைக் குறிக்கும் 'பென்னா' என்னும் இலத்தீன் சொல்லே ஆங்கிலத்தில் 'பென்' ஆயிற்று. போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்து 'பேனா' ஆயிற்று. இறகின் முனை எழுத எழுதத் தேய்ந்து பிளவுபடும். அதை மீண்டும் மீண்டும் சீவ வேண்டும். ஆகவே எழுதுவோர் மேசையில் மைக்கூட்டுக்கு அருகில் சிறுகத்தி ஒன்று எப்போதும் இருந்தது. அதுவே பேனாக்கத்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் எஃகு முனைகள் பெருவாரியாகச் செய்யப்பட்டன. இறகு மேசையைவிட்டுப் போயிற்று. கத்தி மட்டும் சட்டைப்பைக்குள் புகுந்து பிழைத்துக்கொண்டது.

நீங்கள் கடைகளில் காணும் சிவப்புப் பிடியுள்ள பலகருவிக் கத்தியும் இக்குடும்பத்ததே. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் எல்செனர் 1891இல் தம் நாட்டுப் படைவீரர்களுக்கு மடக்குக்கத்திகளைச் செய்து கொடுக்கத் தொடங்கினார்; 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியை உருவாக்கினார். கத்தரிக்கோல், திருகி, தக்கை எடுப்பான் என்று இன்று அதில் பல உறுப்புகள் உண்டு. வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் நாள்தோறும் திறப்பது சிறிய அலகு ஒன்றைத்தான். மற்றவை பெரும்பாலும் விருந்தினருக்குத் திறந்து காட்டுவதற்கே என்பது என் எண்ணம்.

கத்தியில் பேனா இல்லை என்று முதலில் சொன்னேன். நம் முன்னோரிடம் அப்படி ஒன்று இருந்தது. அதன் பெயர் மடக்கெழுத்தாணி. தமிழகத்தில் ஓலையில் எழுதப் பலவகை எழுத்தாணிகள் வழங்கின. தலைப்பகுதி கனத்துக் குண்டாக இருப்பது குண்டெழுத்தாணி. மேற்பகுதியில் கத்தி அமைந்தது வாரெழுத்தாணி. ஒரு பிடிக்குள் ஒருபுறம் கத்தியும் மறுபுறம் எழுத்தாணியுமாக மடங்கி அடங்குவது மடக்கெழுத்தாணி. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' என்னும் நூலில் இவற்றை விவரித்துள்ளார்.

எழுத்தாணிக்குக் கத்தி எதற்கு? பனையோலை மரத்திலிருந்து சுவடியாகவே இறங்கி வருவதில்லை. அதன் நடுவிலுள்ள ஈர்க்கை நீக்க வேண்டும். ஒரே அளவாக நறுக்க வேண்டும். இரு ஓரங்களையும் பிசிறில்லாமல் சீர்செய்ய வேண்டும். இதனை ஓலை வாருதல் என்பர். 'வாரெழுத்தாணி' என்னும் பெயரும் அவ்வேலையை ஒட்டியதே. பின்னர்த் துளையிட்டுக் கயிறு கோக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே எழுத்து. எழுதும்போதும் மை கிடையாது. எழுத்தாணி ஓலையைக் கீறும், பின்னர்க் கரியோ இலைச்சாறோ தடவினால் கீறல் கறுத்துத் தெரியும். ஆக, கத்தி சீராக்கியது, எழுத்தாணி கீறியது. இரண்டும் ஒருவர் இடுப்பிலேயே இருந்தன. பயணம் போகிறவருக்கு அது எழுதுபொருள் கடை முழுவதையும் மடியில் செருகிக்கொண்டது போன்றது.

அச்சும் காகிதமும் பெருகியபின் ஓலை போயிற்று. ஓலையோடு எழுத்தாணியும் போயிற்று. இறகை இழந்த ஐரோப்பியக் கத்தி தனியே பிழைத்தது; ஓலையை இழந்த நம் மடக்கெழுத்தாணி பிழைக்கவில்லை. அதன் இடத்திற்கு வெளியிலிருந்து வந்த பேனாக்கத்தி வந்து அமர்ந்தது. எழுத்தாணியை மலையாளத்தில் நாராயம் என்பர். அச்சொல் உங்கள் அண்டைவீட்டு முதியோருக்குத் தெரிந்திருக்கக்கூடும்.

அவ்வாறு வாரப்பட்ட ஓலைகள் எங்கே என்று தேடி நீங்கள் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகக் கீழைநாட்டுச் சுவடி நூலகத்தில் பல்லாயிரம் சுவடிகள் உள்ளன. கிழக்கேகோட்டைக்கு அருகில் மத்திய ஆவணக் காப்பகத்தில் 2023 ஜனவரியில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அங்குச் சென்றால் எழுத்தை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். ஓலையின் ஓரத்தைப் பாருங்கள். ஒரு சுவடியின் ஓலைகள் எத்துணை ஒரே அளவாக நறுக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். அந்த ஓரத்தை அமைத்த கைக்குப் பெயர் பதிவாகவில்லை.

அச்சுவடிகளைத் தேடித் தொகுத்தவர்களுள் ஒருவர் நம்மைப் போலவே இங்கு வந்து குடியேறியவர். திருநெல்வேலிச் சீமையின் தருவை என்னும் ஊரில் 1860இல் பிறந்த த. கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரத்திற்கு வந்து வாழ்ந்தார். 1908இல் தொடங்கிய சுவடிப் பதிப்புத் துறையின் பொறுப்பை ஏற்றார். மறைந்துபோயின என்று கருதப்பட்ட பாசனின் நாடகங்களைப் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் ஓலையில் கண்டெடுத்து, 1912 முதல் அச்சிட்டு வெளியிட்டார்.

இவ்வளவு சொன்னபின், உங்களுள் சிலருக்கு ஒரு பேனாக்கத்தி வாங்கலாமே என்று தோன்றும். பள்ளிக்கு அது ஆகாது. இதில் விவாதத்திற்கு இடமில்லை. பென்சிலுக்குத் துருவி உண்டு. விமானத்திலும் கைப்பையில் கொண்டுசெல்ல விடமாட்டார்கள். சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். சட்டத்தைப் பொறுத்தவரை, அலகு 9 அங்குலத்துக்குமேல் நீண்டதோ 2 அங்குலத்துக்குமேல் அகன்றதோ ஆன கத்திகளை நம் நாட்டு ஆயுத விதிகள் படைக்கலமாகக் கருதுகின்றன. வீட்டுவேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்தவை அதற்கு விலக்கு. தாத்தாவின் கத்தி அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கும் பொருள் எல்லாம் எல்லா இடத்துக்கும் உரியது ஆகிவிடாது. மீன்வெட்டும் கத்தியை நாம் பூசையறையில் வைப்பதில்லையே.

வீட்டில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது பழகலாம். அலகு உங்களை நோக்கி வராமல் வெளிப்புறமாகச் சீவ வேண்டும். மடக்கும்போது விரல் பிடியின் பிளவுக்குக் குறுக்கே இருக்கக் கூடாது. பழைய கத்திகளில் அலகை நிறுத்தும் பூட்டு இல்லை, உள்ளே ஒரு வில் மட்டுமே உண்டு. மழுங்கிய கத்தியே ஆபத்தானது: அது பொருளில் இறங்காமல் வழுக்கும், நாம் மேலும் அழுத்துவோம், பிறகு விரல்தான் மிஞ்சும். சாணைக்கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையின் அடியிலுள்ள சொரசொரப்பான விளிம்பில் மெல்லத் தீட்டலாம். திருகாணியைத் திருகவும் டப்பா மூடியை நெம்பவும் அதைப் பயன்படுத்தினால் முனை ஒடியும். பலாப்பழத்துக்கும் தேங்காய்க்கும் வெட்டுக்கத்தியைத் தேடிச் செல்லுங்கள். கத்தியை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று பாட்டிமார் சொல்வர். கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வர். சண்டை வருமோ வராதோ, விரல் தப்பும்.

அந்த மாணவன் மறுநாள் வந்தான். எதற்கு என்று முழுதாகக் கேட்பதற்குமுன் குரலை உயர்த்தியது என் தவறு என்று வகுப்பின் முன்னிலையில் சொன்னேன். பட்டப்பெயர் உடனே மறையவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. விதியை மீறியதற்காக அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தாத்தாவிடம் கேட்டு, அவர் கத்தியால் செய்யும் வேலைகளை 'கட் பண்ணு' என்னும் சொல் வராமல் எழுதிவர வேண்டும். பதினொரு வாக்கியங்கள் எழுதிவந்தான். அவற்றுள் இரண்டு வினைச்சொற்கள் எனக்கே புதியவை. கத்தி தாத்தாவின் பச்சைப் பெல்ட்டுக்குத் திரும்பிற்று.

சொற்பொருள்

அலகு – கத்தியின் வெட்டும் பகுதி
பூண் – பிடியின் முனையில் இடும் உலோக வளையம்
ஈர்க்கு – ஓலையின் நடு நரம்பு
சாணைக்கல் – கூர் தீட்டும் கல்

பயிற்சி

1. பொருத்தமான வினையால் நிரப்புக (அறு, சீவு, வகிர், சுரண்டு, செதுக்கு):
அம்மா கத்தரிக்காயை நான்காக ______ எண்ணெயில் இட்டார். 
தச்சர் கட்டையில் யானை ______. 
பட்டம் அகப்பட்ட நூலை அண்ணன் ______. 
சுவரில் ஒட்டிய தாளை ______ எடுத்தோம். 
இளநீர்க் கடைக்காரர் காயின் தலையைச் ______ கொடுத்தார்.

2. 'பேனாக்கத்தி' என்னும் பெயரின் கதையை ஐந்து வரிகளில் எழுதுக.

3. மடக்கெழுத்தாணி மறைந்ததற்கும் பேனாக்கத்தி நிலைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக. ஆசிரியர் கூறும் காரணம் உங்களுக்குப் போதுமானதாகத் தோன்றுகிறதா?

4. ஆசிரியர் மாணவனிடம் முதலில் எப்படிக் கேட்டிருக்கலாம்? அந்த உரையாடலை எழுதுக.

5. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கத்தி, அரிவாள்மணை, பாக்குவெட்டி ஆகியவற்றால் செய்யும் வேலைகளுக்கு என்னென்ன சொற்களைப் பயன்படுத்துகிறார் எனக் கேட்டு எழுதுக. அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுக. பாடநூல் சொல்லாக மாற்ற வேண்டா.