சாரலும் ஸ்நான அறையும்

குற்றாலத்துக்கு வருகிற யாத்ரிகர்கள் அருவியில் நீராடுவதற்கென்றே வருகிறார்கள் என்றாலும், தங்குவதற்கு இடம் பார்க்கும்போது அவர்கள் முதலில் திறந்து பார்ப்பது குளியலறைக் கதவைத்தான் என்பது, தென்காசியில் மச்சு வீட்டைச் சீசனுக்கு வாடகைக்கு விட்டுப் பழகிய எவரும் அறிந்த விஷயம். காற்றின் விசேஷத்தையும், ஜன்னலைத் திறந்தால் கண்ணில் படுகிற விசுவநாதர் கோயில் கோபுரத்தையும் நாம் எவ்வளவு எடுத்துரைத்தாலும், டைல்ஸ் இணைப்புகள் கறுத்துக் கிடப்பதைக் கண்ட குடும்பத் தலைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு படியிறங்கிவிடுகிறாள். உங்கள் வீட்டிலும் இதுவே நடந்திருக்கும். ஆகையால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஸ்நான அறை, தென்காசி இன்னும் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த 1986-ஆம் ஆண்டில், என் தகப்பனார் மேற்பார்வையில் கட்டப்பட்டது. சுவரில் ஆறங்குலச் சதுரமான வான நீல டைல்ஸ், இடையிடையே ஒரு பூப்போட்ட டைல், கீழே மொசைக் தரை, சுவருக்குள் புதைத்த இரும்புக் குழாய்: அக்காலத்து நடுத்தரக் குடும்பத்தின் பெருமைகள் அனைத்தும் அதில் இருந்தன. இதை உடைத்தெறிந்துவிட்டுப் புதிதாகப் பதிக்காமல் விட்டதைக் கஞ்சத்தனம் என்று எதிர்வீட்டார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து டைல்ஸைத் தடித்த சிமெண்டுக் கலவையில் பதித்திருப்பார்கள். ஒன்றைப் பெயர்த்தால் பின்னாலுள்ள பூச்சும் சேர்ந்து வரும். பூச்சு வந்தால் துருப்பிடித்த குழாய் வெளியே தெரியும். தெரிந்த குழாயை எந்தப் பிளம்பரும் அப்படியே விட்டுச் செல்லமாட்டான். நான் ஒதுக்கியிருந்தது 30,000 ரூபாய். அந்தத் தொகை இடிப்புக்கூலிக்கும் குப்பை வண்டிக்கும் புதுக் குழாய்க்குமே சரியாய்ப் போயிருக்கும். காசால் தட்டிப் பார்த்து, வெற்றோசை கேட்ட சில டைல்ஸை மட்டும் எடுத்து மாற்றிவிட்டு, கெட்டியாய் நின்றவற்றை அப்படியே வைத்துக்கொண்டது சரியான தீர்மானம் என்பதே என் அபிப்பிராயம்.

பணத்தை விழுங்கியது வேறொன்று. மதுரையில் குடியிருக்கும் என் மைத்துனர், வைகாசிக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக வந்தவர், குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், இதுக்குப் போய் இவ்வளவு யோசனை? எபாக்ஸி பெயிண்ட் ரெண்டு கோட் அடிங்க, வெள்ளை வெளேர்னு ஆயிடும், எங்க வீட்டுல அடிச்சு நாலு வருஷமாச்சு" என்று என் மனைவியின் காதுபட உரைத்தார். எனக்குச் சந்தேகம் அப்போதே இருந்தது. வீட்டில் சமாதானம் நிலவவேண்டும் என்ற ஒரே காரணத்தால் இசைந்தேன். பெயிண்ட் கடைக்காரரோ, சுவர் காய்ந்திருக்கிறதா என்ற ஒரு கேள்வியைக்கூடக் கேளாமல், பிசின் ஒரு டப்பா, அதை இறுகச் செய்யும் திரவம் ஒரு டப்பா என்று எடுத்து வைத்துக் கணக்கை முடித்துவிட்டார். பூசி முடித்த அன்று அறை ஆஸ்பத்திரிச் சுவர்போலப் பளிச்சென்றிருந்தது உண்மை. ஆடி பிறப்பதற்குள் இணைப்புகளின் ஓரத்தில் சிறு கொப்புளங்கள் எழும்பின. பிறகு நகத்தால் தொட்டாலே தோலாக உரிந்து வந்தது. ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போனது.

காரணம் எளியது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து நம் ஊரில் சாரலாய்ப் பொழிகிற மாதங்களில், சுவர் ஓதம் காத்துக்கொண்டே இருக்கும். இணைப்புகளிலுள்ள வெள்ளைச் சிமெண்டு வருஷக்கணக்கில் அரித்துப்போயிருந்தால், குளிக்கிற நீரும் அவற்றின் வழியே உள்ளே இறங்கி, டைல்ஸுக்குப் பின்னால் தங்கிவிடும். டைலின் முகமோ கண்ணாடிப் பூச்சு. அதன் வழியாக ஈரம் வெளியேறாது. இணைப்பு ஒன்றே அதற்கு வாசல். அந்த வாசலையும் பெயிண்டால் அடைத்துவிட்டால், ஈரம் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வராமல் என்ன செய்யும்? மதுரை வெயிலில் காய்ந்த சுவருக்குப் பொருந்திய வைத்தியம் தென்காசிச் சுவருக்குப் பொருந்தாது.

இதை நான் கடிதத்தில் விளக்கியபோது மைத்துனர் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை, "இதே சாரலில் குற்றாலத்துச் சித்திர சபையில் ஓவியங்கள் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கவில்லையா?" என்று திருப்பிக் கேட்டார். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றான அந்த மண்டபத்தின் ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டப்பட்டவை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கவும் செய்யும், வெளியே விடவும் செய்யும். அங்கே தினந்தோறும் யாரும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பதும் இல்லை. அப்படியிருந்தும் காலமும் ஈரமும் அவற்றைச் சிதைத்து, புதுப்பிக்க நேர்ந்தது. இதற்கு அவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

பரிகாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையும் ஓய்ந்து, மாசி பங்குனியில் சுவர் காய்கிற சமயமே நமக்கு வாய்த்த காலம். இணைப்புகளின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் பொறுக்கவேண்டும் என்று பொருள். காய்ந்தபின் பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்ஸி கிரவுட் இட்டோம். விலை அதிகந்தான், ஆனால் அது நீரைக் குடிக்காது, கறையும் பிடிக்காது. இரண்டு பசையும் ஒரு பொடியுமாக வருவதைச் சிறுகச் சிறுகக் கலக்கவேண்டும். ஒரே தடவையாகக் கலக்கினால் பாதி வேலைக்குள் இறுகிப்போகும். டைல்ஸின் முகத்தில் பட்டதை உடனே ஸ்பாஞ்சினால் துடைக்காவிட்டால் அப்புறம் எந்த உபாயத்துக்கும் அடங்காது. குழாய்களுக்கு வாஷர் மட்டும் மாற்றினேன். நல்ல விளக்கும் ஒரு கண்ணாடியும் போட்டதில் அந்த நீல டைல்ஸே ஒரு லட்சணத்தைப் பெற்றுவிட்டது.

சுத்தம் செய்வதற்கென்று ஆசிட் போத்தலை வீட்டுக்குள் விடாதீர்கள். வெள்ளைச் சிமெண்டு இணைப்பைத் தின்று முதல் ஓதத்துக்கு வழி திறந்துவிடுவது அதுவே. பிளீச்சிங் பவுடரோடு அது சேர்ந்தால் எழுகிற குளோரின் புகை உயிருக்கே ஆபத்து. சோப்புத்தூளும் பிரஷும் போதும்.

தரை விஷயத்தில் கொத்தனாரோடு நேர்ந்த வாக்குவாதத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மொசைக் வழுக்கியதால் அதன்மேலேயே சொரசொரப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் பதிக்கத் தீர்மானித்தோம். அவரோ, "முப்பது வருஷமா சிமெண்டுப் பாலுலதான் ஒட்டுதேன் அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது" என்று பிடிவாதம் பிடித்தார். அவ்வகை டைல் நீரை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. அரை சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே வெறும் சிமெண்டு அதைப் பற்றிக்கொள்ளாது. மொசைக்கைக் கொத்திவிட்டு, டைலுக்கென்றே உள்ள ஒட்டுப்பசையால்தான் பதிக்கவேண்டும், மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தரை அரை அங்குலத்துக்குமேல் உயரும். கதவின் அடியை அறுக்க நேரும். தண்ணீர் வெளியேறும் நாணி டிராப்பின் வாயையும் உயர்த்தவேண்டும். வாட்டம் அறுபதுக்கு ஒன்று, அதாவது ஐந்தடிக்கு ஓர் அங்குலமாவது இருக்கட்டும். கொத்தனார் ரசமட்டத்தை வைத்துக் காட்டினால் தலையசைத்துவிடாதீர்கள். பசை இறுகியபின், எட்டாத மூலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது தானாக நாணி டிராப்புக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்த பிறகே கூலியின் கடைசிப் பங்கைக் கொடுங்கள்.