சிவப்பரிசி வெள்ளையானது எப்படி?

இடம்பெயர்ந்தபோது விதைநெல்லைக் கைவிட்டு வந்த குடும்பங்கள் பல. மீண்டும் விதைக்கும்போது, பல இடங்களிலிருந்து வந்த நெல்லே கைக்குக் கிடைக்கிறது. வெள்ளை நெல் என்று விதைத்த வயலில் சிவப்பரிசி விளைந்தால், "விதை கெட்டுவிட்டது" என்கிறோம். உள்ளே நடப்பது என்ன என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

நெற்பயிரின் கலங்களில் டி.என்.ஏ. என்னும் நூல் போன்ற பொருள் உண்டு. அதில் நான்கு வகை எழுத்துகளால் கட்டளைகள் அமைந்துள்ளன. கலம் அவற்றை மும்மூன்று எழுத்தாக வாசித்துப் புரதங்களை ஆக்குகிறது. இந்த எழுத்துகளில் ஏற்படும் மாற்றமே விகாரம் எனப்படும்.

உதாரணமாக, 'அக்கா அரிசி எங்கே' என்று எழுதுவோம். ஒவ்வொரு சொல்லிலும் மூன்று எழுத்துகள். 'க்' என்பதை நீக்கிவிட்டு மறுபடி மும்மூன்றாக வாசியுங்கள்: 'அகாஅ ரிசிஎ ங்கே'. போனது ஓர் எழுத்து. குழம்பியது முழு வசனமும்.

நெல்லிலும் இவ்வாறே நடந்தது. தவிட்டைச் சிவப்பாக்கும் வேலையைத் தொடக்கி வைப்பது ஒரு புரதம். பண்டைக் காலத்தில் அதற்குரிய கட்டளையில் 14 எழுத்துகள் விடுபட்டன. 14 மூன்றால் வகுபடாது. ஆகவே வாசிப்புக் குழம்பி, புரதம் அரைகுறையாக நின்றது. சிவப்பு நிறம் உண்டாகவில்லை. ஆனால் பயிர் சாகவில்லை, விளைந்தது. வெள்ளையரிசியை விரும்பிய உழவர்கள் அதைத் தெரிந்தெடுத்துப் பெருக்கினார்கள். உலகின் வெள்ளையரிசி இனங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இதே 14 எழுத்துகள் இல்லை என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 2007இல் வெளியிட்டனர்.

இதனால் நமக்கு என்ன பயன்? ஒவ்வொரு பயிருக்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு கட்டளைகள் வருகின்றன. ஒன்று முழுமையாக இருந்தாலே அரிசி சிவக்கும். வெள்ளை நெல்லின் பூவில் சிவப்பு நெல்லின் மகரந்தம் சேர்ந்தால், அந்த மணி வெள்ளையாகவே தோன்றும். அதை விதைத்தால் வரும் பயிரில் எல்லா மணிகளும் சிவப்பாக இருக்கும். சாக்கில் உள்ள விதையைப் பார்த்து இக்கலப்பை அறிய முடியாது, வயலில்தான் அறியலாம்.

அறுவடைக்கு முன் நல்ல பயிர்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் ஓரிரு மணிகளின் உமியை நகத்தால் நீக்கிப் பாருங்கள். வெள்ளை நெல்லுக்கு வெள்ளை மணியுள்ள பயிர்களையே விதைக்கு எடுங்கள். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பு நெல்லுக்கு ஒரு படி கூடுதல் வேலை உண்டு. சிவப்புக்குள் வெள்ளை மறைந்திருக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு பயிரின் விதையையும் தனித்தனியே விதைத்து, வெள்ளை தோன்றாத வரிசையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விதை கெடவில்லை, கலந்திருக்கிறது. கலந்ததைப் பிரித்தெடுக்க நம் கையே போதும்.