கேட்க வராதவரின் கூலி

பிளாக்செயின் விளையாட்டில் ஒருவர் உழைத்து ஈட்டிய டோக்கன்களைப் பெற வராமலே போய்விட்டால், அவற்றை வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்? இக்காலத்தில் எழுந்துள்ள இந்த மஸ்அலாவைச் சிறிது ஆராய்வோம். அவ்விளையாட்டு ஆகுமா, ஆகாதா என்பது வேறு கேள்வி.

வியட்நாமில் உருவான 'ஆக்ஸி இன்ஃபினிட்டி' 2021-ல் பிலிப்பைன்ஸில் பெரிதும் பரவியது. அதில் இறங்க மூன்று ஆக்ஸிகளை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. வாங்க இயலாதவருக்கு வசதியுள்ளவர் தம் ஆக்ஸிகளைக் கொடுத்து ஆடச் செய்தார். கிடைத்த எஸ்.எல்.பி. டோக்கன்களை இருவரும் பேசியபடி பங்கிட்டனர். ஆனால், கணக்கின் சாவி உரிமையாளரிடமே இருந்தது. டோக்கன்களை 14 நாட்களுக்கு ஒருமுறைதான் எடுக்க முடிந்தது. இடையில் ஆடியவர் விலகிவிட்டால், அவர் பங்கு உரிமையாளரிடமே தங்கிவிடும்.

இதனைக் கண்டெடுத்த பொருளாக, அதாவது லுகதாவாகக் கருதலாமா? கூடாது. ஓராண்டு அறிவிக்கும் சட்டம் உரியவர் யாரென்று தெரியாத பொருளுக்கே உரியது. இங்கே உரியவர் தெரிந்தவர். பொருளோ அவருடைய உழைப்பின் பயன். ஆகவே, அது நம்மிடம் உள்ள அமானிதமாகும்.

குகையில் சிக்கிய மூவரின் வரலாற்றை நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். அவர்களுள் ஒருவர், கூலியாள் விட்டுச் சென்ற கூலியைப் பெருக்கி வைத்திருந்து, அவர் திரும்பி வந்தபோது முழுவதையும் ஒப்படைத்தார். கேட்க வராததால் உரிமை அழிந்துவிடுவதில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்கிறோம்.

எனவே, முதலில் அவரைத் தேட வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். கண்டுபிடிக்க வழியே இல்லையெனில், அவர் பெயரால் தர்மம் செய்யலாம். பின்னர் அவர் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது அறிஞர் பலரின் கூற்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 ஜூலையில் 30 சென்ட்டைத் தாண்டிய எஸ்.எல்.பி., 2022-ன் நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. பிறர் பங்கை உயர்ந்த விலைக்கு விற்றுவிட்டு, விலை விழுந்தபின் மலிவாக வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்டுவது நாணயமாகுமா? விற்ற பணமும் அவருடையதன்றோ!

கேட்பாரற்ற பொருளுக்கும் கேட்பவன் ஒருவன் இருக்கிறான். அமானிதம் பேணி வாழ அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.