தோழமையும் தொண்டும்: மலைநாட்டு மாணவியர் மன்றங்கள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (தாவரவியல்) மாணவி ஒருவர்

முன்னுரை

கொடுப்பது எளிது, எதைக் கொடுக்க வேண்டும் என்று அறிவதே அரிது. நம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் சாரணியர் படை, இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், நாட்டு நலப்பணித் திட்டம் எனப் பல பெயர்களில் மாணவியர் மன்றங்கள் இயங்கி வருகின்றன. பெயர் எதுவாயினும் அடிப்படை ஒன்றே. ஒத்த வயதுடைய பெண்கள் தோழியராகக் கூடுகின்றனர். கூடியபின் பிறர்க்கு உதவ முனைகின்றனர். முன்னது தோழமை, பின்னது தொண்டு. இவ்விரண்டையும் வேறு வேறாகக் கருதுவோரே பலர். தோழமை பொழுதுபோக்கு என்றும், தொண்டு ஆண்டு விழா அறிக்கையில் படித்துக் காட்டுவதற்கு உரியது என்றும் எண்ணுகின்றனர். தோழமை இல்லாத தொண்டு பாதித் தொண்டே என்பதைப் பழனி மலைத்தொடரையும் கொடைக்கானலையும் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேகனும் மயிலும்

பழனி மலையில் ஈகையைப் பற்றிப் பேசுவோர் பேகனை மறத்தல் இயலாது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வையாவிக் கோப்பெரும் பேகன், பொதினி என்று பழம்பெயர் பெற்ற பழனியைச் சூழ்ந்த மலைநாட்டை ஆண்டவன். மயில் ஒன்று குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது நாம் பள்ளியிலேயே படித்த செய்தி. வரையறை இன்றி வழங்கும் இத்தகைய ஈகையைப் பழந்தமிழர் ‘கொடைமடம்’ என்றனர். அச்சொல்லில் பாராட்டும் உண்டு. மெல்லிய சிரிப்பும் உண்டு. மயிலுக்குப் போர்வை தேவைதானா? தந்தால் அதனைப் போர்த்திக்கொள்ள அதனால் இயலுமா? வள்ளல் கேட்கவில்லை, மயிலால் சொல்லவும் இயலவில்லை.

அதே பேகனைப் பற்றிப் புறநானூறு இன்னொரு செய்தியும் தருகிறது. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். (இவள் சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள்.) கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நான்கு புலவர்கள் அவளுக்காக அவனிடம் சென்று பேசினர். பொன்னும் பொருளும் வேண்டாம், அவள் துயரைத் தீர்த்தலே எமக்குத் தரும் பரிசில் என்ற கருத்துப்படப் பாடினர். மயிலின் குளிரை உணர்ந்த மன்னனுக்கு வீட்டில் இருந்தவளின் துயரை உணர்த்தப் பிறர் வேண்டியிருந்தது! அப்புலவர்கள் கொடுத்தது பொருள் அன்று. ஒருத்தியின் துயரை அறிந்து, அவள் சார்பில் சென்று பேசினர். தோழமையின் இலக்கணம் இதுவே எனலாம்.

மன்றங்களின் தோற்றம்

பெண்களுக்கான நட்பு மன்றங்களின் வரலாற்றிலும் இவ்விரு போக்குகளைக் காண்கிறோம். 1875ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மேரி டவுன்சென்ட் என்பவர் ‘பெண்கள் நட்புச் சங்கம்’ ஒன்றைத் தொடங்கினார். கிராமத்தை விட்டு நகரங்களுக்கு வீட்டு வேலைக்குச் சென்ற இளம்பெண்களுக்குத் துணை இல்லை என்பதைக் கண்டு எழுந்த முயற்சி அது. அவர்களுக்குத் தங்குமிடமும் ஆதரவும் தந்தது. ஆயினும் அதில் சீமாட்டிகள் ஒரு வகுப்பினர். வேலைக்காரப் பெண்கள் மற்றொரு வகுப்பினர். பெயரில் நட்பு இருந்தது. அமைப்பில் மேலும் கீழும் இருந்தன.

சாரணியர் இயக்கம் வேறு வகையில் பிறந்தது. 1909ஆம் ஆண்டு இலண்டன் கிரிஸ்டல் பாலஸில் சிறுவர்களான சாரணர்கள் கூடிய அணிவகுப்புக்குச் சில சிறுமியர் தாங்களாகவே வந்து நின்றனர். எங்களுக்கும் இடம் வேண்டும் என்றனர். அதன் பயனாக, 1910இல் பேடன் பவலும் அவர் தங்கை ஆக்னஸும் சாரணியர் இயக்கத்தை அமைத்தனர். இங்கே சிறு சிறு அணிகளாகப் பிரிந்த பெண்கள், தங்களுள் ஒருத்தியையே தலைவியாகக் கொண்டனர். நாள்தோறும் ஒரு நற்செயலேனும் செய்ய வேண்டும் என்பதும், சாரணியர் அனைவருக்கும் தோழி, பிற சாரணியர்க்கு உடன்பிறப்பு என்பதும் இவர்களது நெறி.

இந்தியாவில் முதல் சாரணியர் படை 1911இல் ஜபல்பூரில் தோன்றியது. தொடக்கத்தில் ஐரோப்பிய வழிவந்த பெண்களுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. 1916இல்தான் அத்தடை நீங்கியது. விடுதலைக்குப் பின், 1950இல் பாரத சாரணர் இயக்கம் உருவாகி, 1951இல் சாரணியரும் அதனுடன் இணைந்தனர். எல்லாருக்கும் தோழி என்று உறுதிமொழி சொன்ன இயக்கமே, இந்நாட்டுப் பெண்களைச் சில ஆண்டுகள் வெளியே நிறுத்தியது என்பது சிந்திக்கத்தக்கது. கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதைக் கொண்டே ஒரு மன்றத்தின் தோழமையை அளக்க வேண்டும்.

இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தின் நோக்கங்கள் மூன்று: உடல்நலம், தொண்டு, நட்பு. செஞ்சிலுவையின் தோற்றத்திலேயே பெண்களின் பங்கு உண்டு. 1859இல் இத்தாலியில் நடந்த சால்ஃபெரினோ போரில் காயமுற்ற வீரர்களை, அருகிலிருந்த காஸ்டிலியோனே ஊர்ப் பெண்கள் நம்மவர், பகைவர் என்ற வேறுபாடு பாராமல் பேணினர். அதனைக் கண்ட ஹென்றி டூனாண்டின் உள்ளத்தில் எழுந்த எண்ணமே பின்னர் செஞ்சிலுவைச் சங்கமாக வளர்ந்தது.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. ‘நான் அல்ல, நீ’ என்னும் பொருள்பட அமைந்தது அதன் குறிக்கோள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் முறை.

தோழமை வளர்த்த தொண்டு

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. டி.எஸ். சௌந்தரம் அம்மையார் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். டெல்லியில் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது சுசீலா நய்யார் அவருக்குத் தோழியானார். அத்தோழமை அவரைக் காந்தியடிகளின் வட்டத்திற்கு அழைத்துச் சென்றது. பின்னர் அவர் ஜி. இராமச்சந்திரனை மணந்து, இருவரும் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே, சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமத்தை நிறுவினர். மருத்துவரான அம்மையார் மக்கள் வரட்டும் என்று நகரத்தில் காத்திருக்கவில்லை. தாய்மார்கள் வாழும் இடத்திற்கே வந்து, அவர்களிடையே வாழ்ந்து, பேறுகால மருத்துவமும் கல்வியும் கிடைக்கச் செய்தார். மாணவியர் இருவரிடையே விடுதியில் அரும்பிய நட்பு எங்கோ ஒரு சிற்றூர்த் தாய்க்கு மருத்துவமாக வந்து சேர்ந்தது என்றால் மிகையாகாது.

மலையின் தேவை

கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கோடை வாசத்திற்காக வீடு கட்டிய இடம் அது. 1901இல் அவர்களுடைய பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியே இன்று கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக வளர்ந்துள்ளது. 1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் இங்கே அமைந்தது. இவ்வாறு கல்விக்குப் பெயர் பெற்ற நகரத்திலிருந்து சிறிது தொலைவு சென்றால், பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் மேல்மலை ஊர்களையும், காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் கீழ்மலை ஊர்களையும், பளியர் குடியிருப்புகளையும் காணலாம். பேருந்து தவறினால் பள்ளி தவறும் ஊர்கள் பல.

இம்மலைக்கு வரும் உதவிகளுள் முதலிடம் பெறுபவை போர்வையும் கம்பளி உடையும். குளிர் நாட்டில் அவை வேண்டியனவே. ஆனால் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாதத்தில் நான்கு நாள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் குளிர் என்று கொள்ளலாமா? கழிப்பறையில் தண்ணீர் இல்லாமை காரணமாக இருக்கலாம். பூண்டு பறிப்புக்குத் தாய் சென்றதால் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இல்லாமை காரணமாக இருக்கலாம். இவற்றை மலையேறி வந்து அன்றே இறங்கும் விருந்தினர் அறிய மாட்டார். பக்கத்து இருக்கைத் தோழி அறிவாள். பள்ளி மாணவியர் மன்றத்திற்கு உள்ள பெருஞ்செல்வம் இந்த அறிவே.

தாவரவியல் மாணவி என்ற முறையில் இன்னொரு சான்றும் தர விழைகிறேன். மன்றங்கள் விரும்பிச் செய்யும் பணி மரக்கன்று நடுதல். பழனி மலையின் மேற்பகுதி சோலைக் காடுகளும் புல்வெளிகளும் கலந்த நிலம். மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்குத் தருபவை அவை. அப்புல்வெளிகளை ‘வெற்று நிலம்’ என்று கருதி, சென்ற நூற்றாண்டில் சீகை, தைலம், பைன் முதலிய அயல்நாட்டு மரங்களைப் பெருமளவில் நட்டனர். சீகை தானே பரவிப் புல்வெளிகளை விழுங்கியது. இன்று அதனை அகற்றுவதே பெரும்பாடாக உள்ளது. 1985இல் தோன்றிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு போன்ற அமைப்புகள் நாட்டு மரங்களின் நாற்றுகளை வளர்த்து வந்துள்ளன. ஆதலின் கன்று நடுமுன், இந்நிலம் எதைக் கேட்கிறது என்று அறிதல் வேண்டும். புல்வெளியில் மரம் நடுவதும் மயிலுக்குப் போர்வை தருவதும் ஒன்றே.

பெற்றவள் சொல்வது

தொண்டு பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கொடுப்பவர் பக்கம் நின்றே எழுதுகின்றனர். நான் பெற்றவள் பக்கம் நின்றும் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். என் பெற்றோர் கீழ்மலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவள் நானே முதல். நான் எட்டாம் வகுப்பு படிக்கையில் வெளியூர் மன்றம் ஒன்று எங்களுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கியது. ‘ஏழை மாணவியர்’ என்று தலைப்பிட்ட பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராக ஒலிபெருக்கியில் படித்தார்கள். மேடையேறி, நோட்டைப் பிடித்தபடி, படம் எடுக்கும்வரை நின்றோம். நோட்டுகள் உதவின, நன்றி உண்டு. ஆனால் மறுநாள் வகுப்பில் என் பெயரோடு அந்தத் தலைப்பும் சேர்ந்துகொண்டது. ஒருத்தி அதன்பின் ஒரு வாரம் பள்ளிக்கே வரவில்லை.

அடுத்த ஆண்டு எங்கள் வகுப்புத் தோழியர் வேறொன்று செய்தனர். வகுப்பின் பின்புறம் ஓர் அட்டைப் பெட்டி வைத்தனர். மிகுதியாக உள்ள பேனா, பாதி எழுதிய நோட்டு, விடாய்க்கால அணையாடை, எதுவாயினும் இருப்பவர் அதில் இடலாம், இல்லாதவர் எடுக்கலாம். யார் இட்டார், யார் எடுத்தார் என்று கேட்பாரில்லை. நான் பலமுறை எடுத்தேன், சிலமுறை இட்டேன். என் தோட்டத்து மிளகை விற்ற தோழியும், வணிகர் வீட்டுத் தோழியும் அந்தப் பெட்டியின் முன் ஒன்றே. பெறுபவளும் கொடுக்க வழி வைத்ததே அதன் சிறப்பு.

செய்யத்தக்கன

இவற்றை எண்ணிப் பார்த்து, மாணவியர் மன்றங்களுக்குச் சில வழிகளைக் கூறலாம்.

1. கேட்டபின் செய்தல் வேண்டும். ஒரு மாதம் வருகைப் பதிவேட்டையும் தோழியரின் வீட்டு நிலையையும் அறிந்தபின்பே திட்டம் வகுத்தல் நன்று.

2. உதவி பெறுபவள் மன்றத்தின் உறுப்பினராகவும் இருத்தல் வேண்டும். பளியர் குடியிருப்பிலிருந்து வரும் மாணவிக்குக் கம்பளி தருவதோடு நில்லாமல், அவளை அணித்தலைவி ஆக்குக. காட்டையும் மூலிகையையும் அவள் நமக்குக் கற்பிப்பாள்.

3. பட்டியல், ஒலிபெருக்கி, புகைப்படம் ஆகிய மூன்றையும் விலக்குதல் வேண்டும்.

4. உழைப்பை வாங்குதலும் உதவியே. கொடைக்கானலில் சமூக நலப் பணிகளை ஒருங்கிணைக்கத் தோன்றிய ‘கோர்சாக்’ என்னும் அமைப்பு, எளியோர் செய்த கைவினைப் பொருள்களைக் கடை வைத்து விற்றுக் கொடுத்து நல்வழி காட்டியது. தானமாகப் பெற்ற பணத்தைவிட, தான் செய்த பொருளுக்குப் பெற்ற விலை ஒரு பெண்ணை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது.

5. பொருள் இல்லாதவர் காலத்தைத் தரலாம். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, இணையவழி விண்ணப்பம் என்றதும் எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் திகைக்கின்றனர். இ-சேவை மையத்திற்கு உடன் செல்ல ஓர் அக்காள் இருந்தால் அவர்களது பாதிக் கவலை தீரும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு காலைப் பொழுது போதும்.

முடிவுரை

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே ஒப்புரவறிதலை வைத்தார். நட்புக்கோ, அதன் நன்மை தீமைகளை ஆராய்ந்து ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். கொடையைவிட நட்பு நுட்பமானது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். பள்ளி மன்றங்களில் நாம் கற்றது கொடி வணக்கமும் முடிச்சுப் போடுதலும் மட்டும் அன்று. பக்கத்தில் அமர்ந்திருப்பவளின் முகத்தைப் படிக்கும் கல்வியே அவற்றுள் தலையாயது.

இக்கட்டுரையைப் படிக்கும் சகோதரியருள் பலர் என்னைப் போலவே மலையூர்களிலிருந்தும் அடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்தும் வந்தவர்கள். வரும் விடுமுறையில் ஊர் செல்லும்போது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு தங்கையைத் தேடிச் செல்லுங்கள். என்ன வேண்டும் என்று அவளைக் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாள் அவளுக்குத் தெரியாமல் கடந்துவிடக் கூடாது.