விடை உறையும் இடம்

தான் விடை அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரா எனத் தெரிந்துகொள்ள வினவுவது அறிவினா. தேர்வுத்தாளில் இடம்பெறும் வினாக்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. உரைப்பகுதியைக் கொடுத்து அதன்மேல் தொடுக்கப்படும் வினாக்களில் மாணவரின் மனப்பாடத்திற்கு வேலை இல்லை. விடைக்கு வேண்டியவை கண்ணெதிரே அச்சாகியிருக்கின்றன. அவ்வாறிருந்தும் இப்பகுதியில் மதிப்பெண் இழப்போர் பலர்.

15 வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் ஆகிய திறன்களை அளவிடும் பன்னாட்டுத் தேர்வு பீசா. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி நிறுவனம் இதனை 2000ஆம் ஆண்டில் முதன்முறையாக நடத்தியது. 2009ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டு மாணவரும் இமாச்சலப் பிரதேச மாணவரும் இதனை எழுதினர். இரு மாநிலங்களும் பட்டியலின் இறுதிப் பகுதியிலேயே இடம்பெற்றன. இத்தேர்வு கேட்கும் வினாக்களின் இயல்பை 2000ஆம் ஆண்டுத் தாளின் இரு பகுதிகள் நன்கு காட்டும்.

முதலாவது, ஆப்பிரிக்காவின் சாட் ஏரி பற்றியது. ஏரியின் ஆழம் காலந்தோறும் மாறியதைக் காட்டும் கோட்டு வரைபடம் ஒன்றும், அதற்குரிய சிறு குறிப்பும் தரப்பட்டன. கி.மு. 20,000 அளவில் ஏரி முற்றிலும் மறைந்தது, கி.மு. 11,000 அளவில் மீண்டும் தோன்றியது; அதன் இன்றைய நீர்மட்டம் கி.பி. 1000இல் இருந்ததற்கு ஏறத்தாழச் சமம் என்பன குறிப்பின் செய்திகள். ‘இன்று ஏரியின் ஆழம் எவ்வளவு?’ என்பது வினா. வரைபடமோ கி.பி. 1000உடன் முடிந்துவிடுகிறது. குறிப்பிலோ ஆழத்தின் அளவு இல்லை. வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அது வரும் தொடரை அப்படியே எடுத்தெழுதிப் பழகியவர் இங்குத் திகைப்பார்; ‘தகவல் தரப்படவில்லை’ என்னும் தெரிவு அவரை ஈர்க்கும். குறிப்பிலிருந்து ஆண்டையும், வரைபடத்தில் அவ்வாண்டுக்குரிய ஆழத்தையும் எடுத்து இணைப்பவருக்கே ஏறத்தாழ 2 மீட்டர் என்னும் விடை கிட்டும். வரைபடம் கி.மு. 11,000இல் தொடங்குவதற்குக் காரணம் என்ன என்பது அடுத்து வரும் வினாக்களுள் ஒன்று. காரணம் இன்னது என எங்கும் எழுதப்படவில்லை; ஏரி மீண்டும் தோன்றியது அப்போதுதான் என்பதை உணர்ந்தவர் எழுதிவிடுவார்.

மற்றொன்று, சுவரில் கிறுக்குவது பற்றிய இரு கடிதங்கள். பள்ளிச் சுவரை நான்காம் முறையாகத் தூய்மை செய்து வண்ணம் பூச நேர்ந்ததைக் கண்டு சினந்து எழுதுகிறார் ஹெல்கா. விளம்பரப் பலகை வைத்தவர்கள் மக்களிடம் இசைவு பெற்றனரா என எதிர்வினாத் தொடுக்கிறார் சோபியா. இவ்விருவருள் யாருடன் உடன்படுகிறாய் என்பது ஒரு வினா. இதனை அறிவினா என்பதற்கில்லை; மாணவர் எப்பக்கம் சாய்வார் என்பது வினவியவருக்குத் தெரியாது. எப்பக்கம் சாய்ந்தாலும் மதிப்பெண் உண்டு. கடிதத்தில் உள்ள கருத்தைத் தம் சொற்களில் சுட்டிக் காரணம் காட்டவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. சுவர்த்தூய்மை பற்றி மாணவர் முன்பே அறிந்த பொதுச்செய்திகளை அடுக்கினால், கடிதங்களைப் படித்ததற்கு அவ்விடையில் சான்று இராது.

எவருடன் உடன்பட்டாலும், கடிதம் என்ற அளவில் சிறந்தது எது என்பது அடுத்த வினா. இது கடினமான வினா எனலாம். ‘ஹெல்கா கூறுவது உண்மை, ஆகவே அவர் கடிதம் சிறந்தது’ என எழுதுபவர் முந்தைய வினாவிற்கே மீண்டும் விடையளிக்கிறார். ‘சுவரில் கிறுக்குவது தவறு என்பதில் ஹெல்காவுடன் உடன்படுகிறேன். ஆயினும், விளம்பரத்தோடு ஒப்பிட்டு வினா எழுப்பிப் படிப்பவரைச் சிந்திக்கவைக்கும் சோபியாவின் கடிதமே வாதத்தில் வலிமையுடையது’ என எழுதுபவர், தாம் ஏற்காத கடிதத்தையும் முழுமையாகப் படித்திருக்கிறார்.